கழன்ற சக்கரத்துக்கு ஒரு பிரியாணி

இன்று காலை பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி போகும் கம்பெனி வண்டியில், இயர்போனில் கேட்கும் என்று நினைத்து கார் ரேஸ் பாட்காஸ்ட் ஒன்றைப் போட்டேன். ப்ளூடூத் சதியால் அது வண்டி ஸ்பீக்கரில் அலறியது.

பதறி நிறுத்தப் போனேன். "இருக்கட்டும்பா, கேப்போம்" என்றார் முன்சீட்டில் இருந்த எங்கள் டீம் லீட் ரமேஷ்.

என் பக்கத்தில் திவ்யா. நேற்றைய ரிலீஸில் அவள் செய்த ஒரு தவறால் எங்கள் ஆப் மதியம் முழுக்கப் படுத்துவிட்டது. வண்டியில் ஏறியதிலிருந்து புகார் மெயில்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

பாட்காஸ்டில் ஒரு ரேஸ் டிரைவரின் பேட்டி. முதலிடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாராம். நடுவில் டயர் மாற்ற நிறுத்தும் பிட் ஸ்டாப்பில் மெக்கானிக் நட்டைச் சரியாக முடுக்காததால் சக்கரம் கழன்று, ரேஸே போச்சாம்.

அந்த மெக்கானிக்கை என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள்.

சாப்பிடக் கூட்டிப்போனேன் என்றார். அடுத்த ரேஸிலும் அவர்தானே என் சக்கரத்தை மாட்ட வேண்டும்?

மேம்பாலம் முடிந்து ஆபீஸ் வந்தது.

இறங்கும்போது ரமேஷ் திரும்பினார். "திவ்யா, மத்தியானம் டப்பாவைத் தொறக்காதம்மா. பிரியாணி சாப்பிடப் போறோம். அடுத்த ரிலீஸும் நீதான் பண்ற."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

முகம் தெரியாத அந்த ரேஸ் டிரைவருக்கு மனசார நன்றி.

பாட்காஸ்ட் போட்ட எனக்குக் கேண்டீன் புளிசாதம்தான். நானும் எதையாவது கழற்றிவிட்டுப் பார்க்கட்டுமா?