தம்பியின் புல்

தம்பியை அப்பா "வாடா தொழிலாளி" என்று கூப்பிடுவார். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. புக்கிட் தீமா சாலையில் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் அப்பா தோட்டக்காரர். பின்பக்கத்து அறையில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலையில் தம்பி அப்பாவின் பின்னால் தோட்டத்துக்குள் போவதைப் பார்த்தால், அந்தப் பெருமையைக் கழற்றி எறிந்துவிடலாம் போலிருக்கும்.

வாசல் பாதையின் இருபுறமும் துரைசாணி ஆசையாக வளர்த்த ஆளுயரப் புல், வெள்ளைக் குஞ்சங்களோடு நிற்கும். பெருமழை அடித்தால் பாதையிலேயே படுத்துவிடும். அப்பா ஒவ்வொரு புதருக்குள்ளும் நான்கு மூங்கில் குச்சி ஊன்றி, நெஞ்சுயரத்தில் சணலைத் தளர்வாகக் கட்டுவார். கட்டியது வெளியே தெரியக்கூடாது, காற்றில் புல் ஆடவும் வேண்டும். தம்பிக்கு அது பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டது.

அவனுக்கென்று அப்பா ஒரு புதரை விட்டுக்கொடுத்ததும், நச்சரித்து நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். "மழ வரட்டும். யாரு புல்லு நிக்குதோ அவன் எங்கூட வேலைக்கு வரலாம்," என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. நான் சிரிப்பைக் கவனிக்கவில்லை.

பள்ளி விட்டு வரும் வழியில், தேக்கா வட்டாரத்தில் ஒரு பால்காரரின் மாட்டுக்கொட்டில் இருந்தது. தினமும் சாணத்தை இலையில் சுற்றிப் பையில் கொண்டுவந்து என் புதரின் வேரில் போட்டேன். வாய்ப்பாட்டுப் புத்தகமே சாணம் மணத்தது. புல் கொழுத்து, தம்பியுடையதை ஒரு முழம் தாண்டியது. போதாதென்று சணலை நடுவில் இறுக்கிக் கட்டினேன்.

"என்னடா இது, வெளக்கமாத்தத் தலகீழா நட்டு வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"தம்பியோடதவிட ஒசரம்லா," என்றேன்.

டிசம்பர் மழை மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் பார்த்தால், என் புல் கட்டிய இடத்திலேயே மடிந்து குஞ்சமெல்லாம் சேற்றில் கிடந்தது. தம்பியுடையது தலையாட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, நான் வேணா கட்டித் தரவா?" என்றான் அவன். அறைய வேண்டும் போலிருந்தது.

அப்பா ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தார். "தீனி ஜாஸ்தி. உள்ள வலுவில்ல." பிறகு அம்மாவிடம் சொன்னார்: "பெரியவனுக்கு இந்தக் கை வராது." தோற்றுப்போன மகனைப் பற்றி ஒருவர் இவ்வளவு நிம்மதியாகப் பேசுவாரா என்று எண்ணி எண்ணி அழுதேன்.

ஜனவரியில் தம்பிக்கும் பள்ளியில் பெயர் கொடுக்கும் வயது வந்தது. அப்பா கொடுக்கவில்லை. அவன் கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு கத்தரிக்கோல் வாங்கித் தந்தார். பள்ளி திறந்த அன்று, அதைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி சாலைவரை என் கூடவே வந்தான். பஸ் வரும்வரை போகாமல் நின்றான். பீற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே ஏறிக்கொண்டேன்.