எங்கள் நாய்க்கு வந்த மாப்பிள்ளைமார்

எங்கள் பெண் நாய்க்குக் கருப்பையும் சூலகமும் எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு காலை நான் கேற்றைத் திறந்தபோது, வெளியே நல்லூரின் ஆண் நாய்கள் எல்லாம் கூடி நின்றன. எங்கள் அம்மணியோ வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, குழைந்து குழைந்து நடந்தாள். பின்பக்கம் வீங்கியிருந்தது.

"உவளுக்கு ஒப்பரேசன் செய்ததெல்லே?" என்றார் கணவர்.

"ஓம். வந்திருக்கிற மாப்பிள்ளைமாருக்கு அது தெரியாது போலை."

அவளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் புறப்பட்டோம். அத்தனை நாய்களும் பின்னால் ஓடிவந்தன. சைக்கிளில் ரியூசனுக்குப் போன பிள்ளைகள் கைதட்டினார்கள். "அக்கா, கலியாணப் பொம்பிளை ஊர்வலமோ?" என்று ஓட்டோக்காரர் கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

வைத்தியர் சோதித்துப் பார்த்தார். "சூலகத்தின்ரை சின்னத் துண்டொண்டு உள்ளுக்கை மிஞ்சியிருக்குப் போலை. அதாலைதான் உந்தக் குணமெல்லாம். கருப்பை இல்லை, குட்டி வராது. துண்டை எடுத்தால் சரி, அடுத்த கிழமை கொண்டுவாங்கோ."

வாசலை நாய்கள் மறித்து நின்றதால் அவரே பின்கதவைத் திறந்துவிட்டார். நானும் கணவரும் நாயைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த பிள்ளைகளைப்போல் பின்னாலிருந்த ஒடுக்கமான ஒழுங்கைக்குள் ஓடினோம்.