மாமனாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது

என் மாமனார் வேலை பார்த்த அலுவலகத்தில் அவருக்குப் பழைய கோப்புகளைக் கழித்துவிடும் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு கழிக்க ஒன்றும் கிடைக்காமல், மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். பாவமாக இருக்கிறதே என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் அவருக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து, எல்லாம் தமிழில் வரும்படி செய்து கொடுத்தேன். பேப்பர் படிப்பார் என்று நினைத்தேன். அவர் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் எங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் உண்டு. என் மனைவி பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். வகுப்புகளைப் பதிவு செய்து அதில்தான் போட்டுவைப்பாள். மாமனாருக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் பொறுக்காது. கல்யாணி ஒன்று, கல்யாணி இரண்டு, கல்யாணி மூன்று என்று வரிசையாக இருந்ததில் முதலாவதை விட்டுவிட்டு மற்றதை அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். மனைவி போய்க் கேட்டதற்கு, "ஒரு கல்யாணி போறாதா?" என்றார்.

அதற்கு மேல் அப்பாவிடம் பேச அவளுக்கு மனசு வரவில்லை. என்னை ஏதாவது செய்யச் சொன்னாள். நான் டெர்மினலைத் திறந்து, chmod கட்டளையைத் தட்டி, எல்லாப் பதிவுகளையும் படிக்க மட்டும் அனுமதி என்று மாற்றினேன். கருப்புத் திரையில் கட்டளை தட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மனைவி பார்க்கிறாளா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்தேன். அவள் காய் நறுக்கப் போயிருந்தாள்.

மறுநாள் தோடி மொத்தமும் காணோம். ஒரு கோப்பில் எழுதக்கூடாது என்றால் அதை அழிக்கவும் முடியாது என்று நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லையாம். அழிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது அந்தக் கோப்பு இருக்கிற ஃபோல்டர்தானாம்.

சரி என்று ஃபோல்டருக்கே எழுதும் அனுமதியை எடுத்துவிட்டேன். காலையில் மாமனார் வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. இங்கிலீஷில் வந்திருந்தால் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார். தமிழில் வந்ததால் நேராக நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது.

அன்று முதல் எல்லாவற்றுக்கும் என்னிடம் அனுமதி கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு பணிவாகக் கேட்டார். ஃபேன் போடக் கேட்டார், பால்கனிக்குப் போகக் கேட்டார், குளியலறைக் கதவருகே துண்டோடு நின்று கேட்டார். சாப்பிடும்போது, "மாப்ளே, ரசம் இன்னொரு கரண்டி விட்டுக்கலாமா? அனுமதி உண்டோன்னோ?" என்றார். மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்காவில் அவரோடு நடக்கிறவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள்.

இதற்கு நடுவே மனைவிக்கும் கோபம் வந்தது. வகுப்பு முடிந்து பதிவைச் சேமிக்கப் போனால் அவளுக்கும் அதே பதில்தான். "அப்பாவை நிறுத்தச் சொன்னா, என்னையும் சேர்த்து வெளியில நிறுத்திட்டேளே" என்றாள்.

திருவான்மியூரில் இருக்கும் என் நண்பனுக்கு இந்த விஷயமெல்லாம் அத்துப்படி. ஃபோன் போட்டுச் சொன்னேன். முதலில் ரசக் கதையை இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிச் சிரித்தான். பிறகு, "மச்சி, ஸ்டிக்கி பிட்னு ஒண்ணு கீது. ஃபோல்டர்ல யார் வேணா வெக்கலாம். ஆனா அவங்கவங்க வெச்சத அவங்கவங்கதான் தூக்க முடியும்" என்றான். அவன் சொல்லச் சொல்லத் தட்டினேன். எழுதும் அனுமதி எல்லாருக்கும் திரும்பி வந்தது. மனைவியின் பதிவும் அன்றே பத்திரமாக உள்ளே போய் உட்கார்ந்தது.

மாமனாரிடம் போய், இனி அவர் எதை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம், வைத்ததை அழிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோல்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என்னோடதுன்னு அதுல ஒண்ணுமே இல்லையே" என்றார்.

அது உண்மைதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் காபி குடித்து முடிப்பதற்குள் டெர்மினலைத் திறந்து, நாலைந்து வெற்றுக் கோப்புகளை உண்டாக்கி, உரிமையை அவர் பெயருக்கு மாற்றிவிடுகிறேன். 'பழைய விவரம்', 'நகல் இரண்டு', 'நகல் இரண்டின் நகல்', 'தேவையா பார்க்கவும்' என்று தினமும் புதுப்புதுப் பெயர்கள். அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, தன் பெயரில் இப்படிக் குப்பை சேர்கிறதே என்று அலுத்துக்கொண்டு அழிக்கிறார். சாயங்காலம் மாமியாரிடம், இன்றைக்கு வேலை ஜாஸ்தி என்று தோளைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். ரசத்தையும் அவரே விட்டுக்கொள்கிறார்.

போன வாரம் 'தேவையா பார்க்கவும்' மட்டும் அழியாமல் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பார்த்துண்டிருக்கேன்" என்றார். "அவசரப்படுத்தாதீங்கோ."