அளவு சேராத மெஷின்

எனக்குக் கல்யாணமான புதுசில் மாமனார் ஒரு தங்க முலாம் வாட்ச் கூடு கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்தது, உள்ளே மெஷின் இல்லை. ராமநாதபுரம் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் போய், என் பழைய வாட்சின் மெஷினை அதில் மாட்டச் சொன்னேன்.

அவர் அளந்து பார்த்தார். "இது சின்ன மெஷின், உள்ள ஆடும். சாவிக் கம்பியும் ஓட்டைக்கு நேரா வராது. ஒரு மாசம் பொறுங்க, மதுரையிலருந்து சரியான அளவுல வரவழைக்கிறேன்."

மறுவாரம் கடலாடியில் மச்சினன் கல்யாணம். சொந்தக்காரர்கள் முன்னால் அதைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு ஆசை. "எப்படியாவது மாட்டிக் குடுங்க, என்ன ஆனாலும் என் பொறுப்பு" என்றேன். அரைமனதோடு சுற்றிலும் தகடு வைத்து இறுக்கிக் கொடுத்தார்.

முகூர்த்தம் நெருங்கும்போது மாமனார் என்னிடம் மணி கேட்டார். முள் நின்றுபோயிருந்தது. சாவியைத் திருகினேன், கையோடு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "ரிப்பேர்காரன் ஏமாத்திட்டான் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் முடிந்ததும் மாமனார் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். "அளவு பாக்காம மாட்டுறதுதான் ஒன் தொழிலாய்யா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். ரிப்பேர்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தப்பு என்னோடதுதாங்க" என்றார் அவர்.

அந்த மாதமே சரியான மெஷினை மாட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நன்றாக ஓடியது. மாமனார் சாகும்வரை அவரைத் திருடன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.