ஆமைக்குத் துணை தேடிய நாள்

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் திருவொற்றியூரில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். எனக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த வருடம்தான் எங்கள் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. உடம்பு தேறிய பிறகும் என் மனைவி கட்டிலை விட்டு எழவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்.

மழையில் வாசலுக்கு வந்த ஆமை ஒன்றைப் பிடித்து முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டிருந்தேன். அவள் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், "பாவம், தனியா கீது. கூட ரெண்டு மீன் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். அத்தனை நாளில் அவளாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாளே நீள வால் தங்கமீன் இரண்டு வாங்கி வந்தேன். காலையில் ஒன்றைக் காணோம். மற்றது வால் இல்லாமல் மிதந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த முறை கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் கெளுத்தி வாங்கினேன். முள் இருப்பதால் ஆமை கிட்டே வராதாம். பாரிமுனையில் பஸ் ஏறி, மீன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, கொழம்புக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"கெளுத்திய வுடாத நைனா. ஆமை எப்டியும் கவ்வும். முள்ளு தொண்டையில மாட்டிக்கினா ஆமையே பூடும். எங்க வூட்ல அப்டித்தான் ஆச்சு. வேகமா ஓடற பொடி மீனா வுடு. பூந்துக்க எடமும் வேணும்."

அதோடு விடவில்லை. தண்டையார்பேட்டையில் என்னையும் இறக்கி, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த குட்டைக்குக் கூட்டிப்போனார். கெளுத்தியை அதில் விட்டோம். அவர் துண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முழங்கால் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகளை அரித்தோம். பிறகு வீடு வரைக்கும் வந்தார். உடைந்த பானை ஓடுகளைத் தொட்டிக்குள் அடுக்கிவிட்டுத்தான் மீன்களை விட்டார். ஆமை கழுத்தை நீட்டித் துரத்தியது. குஞ்சுகள் பானை ஓட்டுக்கடியில் புகுந்துகொண்டன.

"எல்லாம் பொழைக்குமா?" என்று ஜன்னலில் இருந்து என் மனைவி கேட்டாள்.

பிழைக்கும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எல்லாம்னு சொல்ல முடியாதும்மா. ஒண்ணு ரெண்டு பூடும். மீதி நல்லா இருக்கும்."

நான் அவசரமாக ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் குழந்தையைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவள் எழுந்து, சுவரைப் பிடித்தபடி முற்றத்துக்கு வந்து, தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இருங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அவர் போன பிறகு, நாங்கள் இருவரும் முதன்முதலாக எங்கள் குழந்தையைப் பற்றிப் பேசினோம். அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பதுதான் அவளுக்கு ஆறுதல் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அவர் சொன்னபடியே சில மீன்கள் செத்தன. அவள் வருத்தப்பட்டாள், ஆனால் மறுபடி படுத்துவிடவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் அனுப்பிவிட்ட அந்த மனிதரால்தான், துக்கத்தில் இருப்பவர்களிடம் இல்லாததைச் சொல்லித் தேற்ற இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.