ஏழாம் அறை காலி

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கும் பாலம் சாரின் அறைக்கும் நடுவே ஒடுங்கிப்போன ஓர் அறை. கதவில் 'இணையவழிக் கற்பித்தல் உதவி மையம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே போனால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், மையமும் அவள்தான், உதவியும் அவள்தான். இரண்டு கம்ப்யூட்டர், சுழலாத சுழல் நாற்காலி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஹெட்போன், இழுப்பறையில் ஒரு நோட்டு. பேராசிரியர்கள் மறந்துவிட்டு வந்து நிற்கும் கடவுச்சொற்கள் எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. அது தொலைந்தால் பாதிப் பல்கலைக்கழகம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

"சார், மியூட்ல இருக்கீங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிச் சொல்லியே அவளுக்கு மியூட் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று அக்காவுக்குத் தெரியும். அவருக்குக் கிடைக்கும் ஹெட்போனில் மட்டும் எப்போதும் ஒரு பக்கம் கேட்காது.

பதினெட்டு வருடத்துக்கு முன் தட்டச்சராக வந்தவள். எந்தப் படிப்பும் படிக்காமலே, நின்றுபோன இயந்திரத்தைத் தட்டி எழுப்பும் கைராசி இருந்தது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும் வியாதியும் இருந்தது. வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், "அந்த நீலக்கலர்..." என்று வாயெடுப்பதற்குள், "பீரோவுக்கு மேல" என்பாள்.

"நான் ஸ்க்ரூடிரைவரைக் கேக்கல, சட்டையைக் கேட்டேன்."

"அதுவும் பீரோவுக்கு மேலதான்."

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த வேலை வந்து விழுந்தது. மேலிடத்து உத்தரவு: இனி இணைய வகுப்பில் பிரச்சினைவழிக் கற்றல். அதாவது, வாத்தியார் பாடம் நடத்தக் கூடாது. ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எங்கே போய்த் தேடலாம் என்று பிள்ளைகள் குழுக் குழுவாக உட்கார்ந்து முட்டி மோதி வழி காண வேண்டும். இதைப் பேராசிரியர்களுக்குப் பழக்குவது அக்காவின் பொறுப்பு. எந்தப் பட்டனை அழுத்துவது என்று யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். முப்பது வருடமாக விடை சொல்லியே பழகிய வாயை மூட எந்தப் பட்டனை அழுத்துவது?

பக்கத்து அறை பாலம் சார் விஷயத்தில் அக்கா தோற்றே போனாள். பாலங்களைப் பற்றிப் பாடம் எடுப்பதால் அந்தப் பெயர். தங்கமான மனிதர், குரல் மட்டும் வெண்கலம். அக்கா சொன்னபடி அவரே ஒரு நல்ல பிரச்சினையை எழுதினார். ஒரு பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நடுவே ஒரு நடைபாலம். கணக்குப்படி உறுதியானது. ஆனால் பிள்ளைகள் ஏறினால் ஆடுகிறது. என்ன செய்யலாம்? எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார். தலைப்பை மட்டும் 'அதிர்வு தாங்கி பொருத்தவேண்டிய நடைபாலம்' என்று வைத்துவிட்டார்.

"சார், தலைப்புலயே விடை இருக்கு."

"இருக்கட்டும்மா. தலைப்பை யாரு படிக்கிறா?"

நாற்பத்திரண்டு பேரும் படித்திருந்தார்கள். முதல் வகுப்பு நாலு நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த வகுப்புக்கு வேறொரு பிரச்சினை. வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவரும் திறக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் சரியான பக்கம் போனால் புருவம் ஏறியது, தப்பான பக்கம் போனால் இருமினார். பிள்ளைகள் பிரச்சினையை விட்டுவிட்டுப் புருவத்தை ஆராய்ந்தார்கள். ஒன்பது நிமிடம்.

இந்தச் சமயத்தில்தான் டீன் அம்மாவிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. பயிற்சியால் பலன் தெரியவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பாலம் சாரின் இன்னொரு வகுப்புப் பிரிவில் தானே வந்து உட்காரப்போவதாகவும், அதைப் பார்த்து முடிவெடுப்பதாகவும் எழுதியிருந்தார். சரிப்படாவிட்டால் உதவி மையம் மூடப்படும், பணியாளர் தேர்வுப் பிரிவுக்கு மாற்றப்படுவார். தேர்வுப் பிரிவு என்றால் தரைக்குக் கீழே ஜன்னலில்லாத அறையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்குவது. அங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். கழிவறைப் பக்கத்து இந்த அறையை அக்கா அவ்வளவு நேசித்தாள்.

பாலம் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் பதறிப்போய் இன்னும் நாலு விடை சேர்த்துச் சொல்வார். சுற்றறிக்கை அவருக்கும் போயிருக்கும்தான். ஆனால் அவர் எந்தக் காலத்தில் மெயிலைத் திறந்திருக்கிறார்?

வியாழக்கிழமை பத்து மணி. அதே நடைபாலம், தலைப்பை அக்காவே மாற்றியிருந்தாள். ஏழு பேர் வீதம் மாணவர்களைத் திரையில் ஆறு சின்ன அறைகளாகப் பிரித்தாள். தாமதமாக வருகிறவர்களை உட்காரவைக்க ஏழாவதாக ஒன்று. அன்றைக்குப் பார்த்து எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், ஏழாம் அறை காலி. டீன் அம்மா மூன்றாம் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பொதுத் திரையில் பாலம் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு ரவுண்டு எல்லா ரூமுக்கும் போய்ட்டு வரட்டுமாம்மா? சும்மா எட்டிப் பாக்குறேன்."

அவர் எட்டிப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாதா? விரல் ஒரு கணம் நின்றது. அப்புறம் அவர் பெயரைப் பிடித்து இழுத்து ஏழாம் அறையில் போட்டாள்.

அவ்வளவுதான், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெண்கலம் முழங்கத் தொடங்கியது. "பிள்ளைகளா, அதிர்வுன்னா என்ன?" அதிர்வெண்ணில் ஆரம்பித்து, ஸ்பிரிங்கில் நுழைந்து, அதிர்வு தாங்கியில் வந்து நின்று, அதன் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அக்காவின் மேசையில் தண்ணீர் பாட்டிலே லேசாக அதிர்ந்தது. யாரும் இல்லாத அறையில் மனிதர் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறாரே என்று ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவம். வெளியே வர அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்தினால் போதும். அதுகூட அவருக்குத் தெரியாது, நாமே சொல்லித்தரவில்லையே என்று குற்றவுணர்ச்சி குடைந்தது. ஆனாலும் அவள் அவரை வெளியே எடுக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து எல்லா அறைகளையும் மூடினாள். நாற்பத்திரண்டு பேரும் பொதுத் திரைக்குத் திரும்பினார்கள். ஆறு குழுவில் நாலு குழு அதிர்வு தாங்கியைத் தானாகவே பிடித்திருந்தது. ஒன்று பாலத்தையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னது. மூன்றாம் அறைப் பெண் ஒருத்தி, "மணி அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல ஓடுறதாலதான் சார் ஆடுது. பாதி வகுப்புக்கு அஞ்சு நிமிஷம் கழிச்சு மணி அடிச்சா போதும். செலவே இல்ல" என்றாள்.

முப்பது வருடத்தில் அது பாலம் சாருக்குத் தோன்றியதே இல்லை. திரை குலுங்கச் சிரித்துக் கைதட்டினார்.

டீன் அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "இருபத்தஞ்சு நிமிஷம் ஒரு ரூமுக்குள்ளயும் தலைகாட்டாம, ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்களே சார்! இதுதான் பயிற்சி. அந்த மையம் இருக்கட்டும்."

ஒரு வார்த்தை பேசாதவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

வகுப்பு முடிந்ததும் அவர் அக்காவின் வாசலில் வந்து நின்றார். கையில் தம்ளரில் வெந்நீர்.

"என்னை ஏழாம் ரூம்ல போட்டது நீதானே?"

அக்கா கைவசமிருந்த வித்தையை எடுத்துவிட்டாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"எங்கிட்டயேவா?" அவர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். "போன உடனே பாத்தேன். பங்கேற்பாளர் ஒண்ணுன்னு காட்டுச்சு. அந்த ஒண்ணு நான்தான்."

"தெரிஞ்சுமா பேசினீங்க?"

"வெளிய வந்தா விடையைச் சொல்லிருவேனேம்மா. உன் ரூமைப் பூட்டிருவாங்க. மெயிலைத் திறந்து படிச்சேன். எப்படித் திறக்குறதுன்னு நீதானே சொல்லிக்குடுத்த?"

அக்கா தயங்கினாள். "அந்த வெளியேறுற பட்டன்..."

"சிவப்பா, கீழ, வலது பக்கம். இருபத்தஞ்சு நிமிஷமும் அதையே பாத்துக்கிட்டுதான் பேசினேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெட்போன் பெட்டியைக் கிளறுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வாரமும் அந்த ரூம் எனக்கு வேணும்" என்றார் அவர். "தாங்கியில இன்னும் மூணு வகை பாக்கி இருக்கு."

"எடுத்துக்குங்க சார்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கதவை மட்டும் சாத்திக்கிட்டுப் பேசுங்க. டீன் அம்மா நடந்து வர்ற வழி."