தட்டில் திரும்பி வரும் எலும்பு

நான் வேலை பார்க்கும் இடத்தில் அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை எரிமலை வெடிக்கும். முதலில் தரை லேசாக உறுமும். பிறகு ராக்கில் அடுக்கிய தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். அதற்கப்புறம் வெளியே பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். சிமெண்டும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த எரிமலைதான். உள்ளே சிவப்பு விளக்கும் புகை மெஷினும் இருக்கின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், வந்த ஆறு வருஷமாக ஒவ்வொரு தடவையும் கண் தானாகப் பின்வாசல் பக்கம் போகிறது. தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று முதல் நாளே பார்த்து வைத்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ராட்டினம் வந்தால் மற்றவர்கள் ஏறி உட்கார்ந்து கத்துவார்கள். நான் கீழே நின்று நட்டெல்லாம் முறுக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

வளைகுடாவில், கூரைக்குள் கட்டிய ஒரு தீம் பார்க்கில், அந்த எரிமலையை ஒட்டிய ரெஸ்டாரண்டில் தட்டுக் கழுவுகிறேன். வேலையின் பெயர் கிச்சன் ஸ்டூவர்ட். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ஊரில் என் மச்சினன் கொஞ்ச நாள் நான் விமானத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் மறுக்கவில்லை.

இந்தப் பார்க்கில் ரிப்ஸ் விற்கிற இடம் மூன்று. ரிப்ஸ் என்றால் மாட்டின் விலா எலும்பு. கறியோடு சேர்த்து மசாலா தடவி, விறகுப் புகையில் மணிக்கணக்காக வேகவைத்துத் தருவது. பிள்ளைகளை ஒவ்வொரு ராட்டினத்திலும் ஏற்றி இறக்கிக் களைத்து வருகிறவர்கள், எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவேன். மூன்று இடத்திலும் மாறி மாறிக் கழுவியிருக்கிறேன். கப்பல் மாதிரிக் கட்டியிருக்கும் இடத்தில் எலும்பு சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகத் திரும்பி வரும், பல் பட்ட தடமே இருக்காது. குழைய வேகவைத்ததில் கறி தானாகக் கழன்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ரயில் நிலையம் மாதிரி இருக்கும் இடத்தில், இழுத்துப் பார்த்து முடியாமல் விட்ட கறி ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் இடத்து எலும்பில் கடித்த இடம் மட்டும் பிறை போலச் சுத்தமாக இருக்கும். அதுதான் பக்குவம். இவ்வளவு சொல்கிறேனே தவிர, ஒரு வாய் தின்றதில்லை. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி புழக்கம் இல்லை.

இந்த எலும்பு பார்க்கிற பழக்கம் படித்து வந்ததல்ல, பயத்தில் வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ராஜபாளையம் ரோட்டில் ஒரு கறிச்சோற்றுக் கடையில் இலை எடுக்கச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே முதலாளி இலைத் தொட்டியிலிருந்து ஒரு நெஞ்செலும்பைத் தூக்கிப் பிடித்தார். கறி அப்படியே இருந்தது. “ஏலே, இது எந்த டேபிளு?” என்றார். தெரியவில்லை. “இல எடுக்கியா, கண்ண மூடிட்டு வாருதியா?” கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றையிலிருந்து எந்த டேபிளில் எந்த இலை, எந்த இலையில் எப்படி எலும்பு கிடந்தது என்று மனசுக்குள் அடுக்கி வைக்கத் தொடங்கினேன். முதலாளி மறுபடி கேட்கவே இல்லை. கேட்டுவிடுவாரோ என்று ஏழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன குளிர்காலத்தில், எங்கள் ரெஸ்டாரண்டிலும் கறி ஒட்டிய எலும்பு திரும்பி வர ஆரம்பித்தது. சாப்பிட்டவர்கள் போனில் திட்டி எழுதினார்கள். மேனேஜர் கூட்டம் போட்டார். சீசன் முடிவதற்குள் சரியாகாவிட்டால் ரிப்ஸை நிறுத்திவிட்டு, காகிதத் தட்டில் பர்கர் விற்கும் கவுண்டராக மாற்றிவிடப் போவதாகச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. கூட்டம் முடிந்து வந்து விளக்கிச் சொன்னது செய்யது. கடையநல்லூர்க்காரர், என் வயசுதான், எங்கள் ரெஸ்டாரண்டில் வெயிட்டர்.

“காயிதத் தட்டாம் வே. தின்னுட்டுத் தூரப் போட்டுருவானாம். அப்ப கழுவ ஆளு எதுக்கு, கொண்டு போய் வைக்க ஆளு எதுக்கு?”

“நமக்கு வேற எடத்துல போடுவாகல்லா?”

“உமக்கு எப்ப வே காண்ட்ராக்டு ரெனியூவலு?”

“ரெண்டு மாசத்துல.”

செய்யது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எப்போதும் கிண்டல் செய்கிறவர் அன்று செய்யாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நான் நின்ற இடத்தைத் தாண்டி அவள் மூன்று வகுப்பு போய்விட்டாள். அவளை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்பதைத் தவிர இந்த ஊரில் எனக்கு வேறு பிரார்த்தனை கிடையாது. அந்த வாரம் மனைவி கோமதி போனில், “என்னங்க, குரலு ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். “ஏசி ஒத்துக்கல” என்றேன். “ஆறு வருசமா ஒத்துக்கிட்ட ஏசிதானே?” என்றாள்.

பயந்தவனுக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மதியம் வந்த எலும்பை ஒரு ஸ்டீல் டிரேயிலும், சாயங்காலம் வந்ததை இன்னொன்றிலும் போட்டுத் தட்டுக் கழுவும் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். நான்கு நாள் பார்த்தேன். மதியத்து எலும்பில் குறையே இல்லை. பார்க்கில் தினமும் நான்கு மணிக்கு நடக்கும் வேஷ ஊர்வலம் முடிந்து வரும் கூட்டத்தின் தட்டில்தான் கறி ஒட்டி வந்தது. காலையில் வெந்த அதே கறிதான். ஆனால் மதியத்திலிருந்து சூட்டுப் பெட்டிக்குள் இருந்து, திறந்து திறந்து மூடியதில் காய்ந்துபோகிறது. புகை அடுப்பைப் பார்த்துக்கொள்கிற செஃப் நோமாவுக்கு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓய்வு. அதனால் அவர் கண்ணில் இது படவே இல்லை. கண்டுபிடித்துவிட்டேன்; சொல்லத்தான் பயம். தட்டுக் கழுவுகிறவன் சமையலைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்?

ஐந்தாம் நாள் நோமா சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். தென்னாப்பிரிக்காக்காரர், நல்ல உயரம். நான் குனிந்து எலும்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். டிரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவான குரலில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியாவிட்டால் வருகிற பதில் ஒன்றுதான்.

“யெஸ் செஃப்.”

அவர் முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனார். செக்யூரிட்டியைக் கூப்பிடப் போகிறார், சாப்பாட்டுப் பொருளை ஒளித்து வைத்ததாக எழுதப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் ஒரு தட்டு. ஆவி பறக்க நாலு ரிப்ஸ், பக்கத்தில் ரொட்டி. என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, “ஈட், ஈட். நோ பிராப்ளம்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பசியில் எச்சில் எலும்பு பொறுக்குகிறேன் என்று நினைத்துவிட்டார்.

தட்டுகளோடு உள்ளே வந்த செய்யது அப்படியே நின்றுவிட்டார். நோமா என்னைக் காட்டி அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

“என்ன வே, செஃப் சாப்பாடு வச்சிருக்கு, நீரு படையலப் பாக்க மாதிரி பாத்துக்கிட்டு இருக்கீரு?”

“மாட்டுக்கறில்லா வே. எப்படித் திங்க?”

“பொறவு பசிக்குன்னு எதுக்குச் சொன்னீரு?”

“அவுக என்ன கேட்டாகன்னே தெரியாது. யெஸ்னு சொல்லி வச்சேன்.”

“நல்லாருக்கு. நாளைக்கு ஊருக்குப் போறியான்னு மேனேஜர் கேப்பான், அதுக்கும் யெஸ்னு சொல்லும். வெளங்கிரும்.”

பசியில்லை, எலும்பைக் காட்டத்தான் வைத்திருக்கிறேன், அதைச் சொல்லும் என்று கெஞ்சினேன். செய்யது ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, நோமா இரண்டு டிரேயையும் இழுத்து விளக்குக்குக் கீழே வைத்தார். மதியத்து எலும்பு ஒன்றையும் சாயங்காலத்து எலும்பு ஒன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு செய்யதிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தன நாளா பாக்கீருன்னு கேக்கு வே.”

நான்கு விரலைக் காட்டினேன். நோமா என் ஈரக் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். அந்தத் தட்டு செய்யதுக்குப் போனது. “சும்மா சொல்லக் கூடாது வே, உம்ம புண்ணியத்துல நல்ல ரிப்ஸு” என்று என் முன்னாலேயே தின்றார்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஒரு அடுக்கு, அதற்குச் சில மணி நேரம் கழித்து இன்னொரு அடுக்கு என்று இரண்டு தடவையாக அடுப்பில் ஏற்றினார்கள். வெந்ததைக் கொழுப்பு தடவிய காகிதத்தில் சுற்றி வைத்தார்கள். ஊர்வலக் கூட்டத்தின் தட்டில் பிறை விழத் தொடங்கியது. நோமா ஓய்வு முடிந்து வரும்போதெல்லாம் முதலில் கழுவும் இடத்துக்குத்தான் வருவார். புருவத்தைத் தூக்குவார், நான் தலையாட்டுவேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான், அதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. சீசன் முடிந்தது. பர்கர் பேச்சும் அடங்கியது. ரெனியூவல் காகிதம் வந்த அன்று கோமதிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “இப்ப ஏசி ஒத்துக்கிட்டா?” என்று கேட்டிருந்தாள்.

காகிதம் வந்த மூன்றாம் நாள் நோமா ஒரு தட்டை மூடி எடுத்து வந்தார். மறுபடியும் மாட்டுக்கறியோ என்று பயந்தேன். அவர் சிரித்து, “மே… மே…” என்று ஆடு கத்துவதுபோலக் கத்திக் காட்டினார். ஆட்டு விலா. அவர் ஊரில் வீட்டுக்குப் பின்னால் நெருப்புப் போட்டு, எல்லோரும் சுற்றி நின்று சுட்டுத் தின்பார்களாம்; செய்யதுதான் எடுத்துச் சொன்னார். “மை ஹோம்” என்றார். அவரும் ஆறு பேரோடு ஒரு குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எதிரில் அவர் உட்கார்ந்திருந்ததால் முதல் மூன்று எலும்பையும் இங்கே வருகிறவர்கள் சாப்பிடுவதுபோல நுனியைப் பிடித்து, பல் பதிய அளவாகக் கடித்து, அடுக்கி வைத்தேன். புகை வாசனையும் உப்பும் மிளகும் மட்டும்தான். அப்படி ஒரு ருசி. நாலாவது எலும்பில் என்னை மறந்துவிட்டேன். குருத்தைக் கடித்து நொறுக்கி, எலும்பை உடைத்து, சத்தம் வர உறிஞ்சினேன். நிமிர்ந்து பார்த்தால் நோமா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மிச்சம் இரண்டையும் அப்படியேதான் தின்றேன்.

என் தட்டை நானே கழுவ எடுத்துப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, பழக்க தோஷத்தில் எலும்பைப் பார்த்தேன். என் தட்டின் ஒரு பக்கம் பிறை விழுந்த மூன்று எலும்பு, ஒழுங்காக. இன்னொரு பக்கம் நொறுங்கி, உடைந்து, நாய்க்குக்கூட மிச்சமில்லாமல் மூன்று. இந்தத் தட்டு என் கைக்கு வராமல் வேறொருவர் கைக்குப் போயிருந்தால், இரண்டு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்ட தட்டு என்றுதான் சொல்லியிருப்பார். தரை உறுமியது; எரிமலை வெடிக்கப் போகிறது. பின்வாசலைப் பார்க்க மறந்து, அந்தத் தட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.